ஒன்று பத்துக்கு வரும் செய்தி

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இந்த நோட்டு வடிவு வாங்கிக் கொடுத்தது. வேலையில் அவளுக்கு மாற்றல் உத்தரவு வந்து ஜூனில் தூத்துக்குடிக்குக் கிளம்பும்போது, "எல்லாத்தையும் மெஷின்கிட்டயே சொல்லுதீங்க. இதுலயாவது உங்க கையால ஏதாச்சும் எழுதுங்க" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு மாதமாகக் காப்பி டம்ளருக்கு அடியில் கிடந்தது, அட்டை முழுக்க வட்டம் வட்டமாகக் கறை. இன்று காலையிலிருந்து மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரும் கைவிட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

டைரி என்றால் முதலில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். குமாரசாமி, முப்பத்தாறு வயது. சென்னைப் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் இணையதளத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன். மனைவி சண்முகவடிவு தூத்துக்குடி பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் நடத்துகிறாள்; அங்கே ஒரு வீட்டு மாடி அறையில் தனியாகத் தங்கியிருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போது அவளுக்கு மூன்றாவது மாதம்.

எனக்கு மெஷினைத் தவிர வேறெதுவும் பிடிக்காது என்று பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். எத்தனையோ மெஷின்கள் எனக்குப் பிடிக்காது. நாலு வருஷமாகப் பார்த்ததும் சிரிக்கும் எங்கள் குடியிருப்புக் காவலாளி, போன மாதம் புதுச் செயலி வந்ததிலிருந்து என்னிடமே ஓடிபி கேட்கிறார். கேட்டுவிட்டு அவரே வெட்கப்படுகிறார். ஆபீஸ் காப்பி மெஷின் காப்பி தந்தவுடன் ஐந்து முகப் பொம்மைகளைக் காட்டி, எப்படி இருந்தது என்று கேட்கிறது. இன்னும் நான் குடிக்கவேயில்லை. இதெல்லாம் தண்டம். அலுப்பான வேலையை மனிதன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிற மெஷின்தான் எனக்குப் பிடிக்கும். ஒரே வேலையை மூன்றாம் முறையும் கையால் செய்கிறவனை என் குழுவில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

மின்சாரம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று போனில் சண்டை. "ஒரு நாளைக்கு ஒரு தடவ சாப்பிட்டியான்னு கேக்கதுக்கு உங்களுக்கு நேரம் இல்லையா? இங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் வீட்டுலேருந்து போன் வருது. நான் டப்பாவத் தெறந்து வச்சுக்கிட்டு செவுத்தப் பாத்துட்டு இருக்கேன்."

நியாயமான புகார். தேவை தெளிவாக இருக்கிறது: தினமும், மதியம், ஒரு கேள்வி. தெளிவான தேவை கிடைப்பது எங்கள் தொழிலில் அபூர்வம். இரண்டு மணி நேரத்தில் ஒரு ப்ரோக்ராம் எழுதிவிட்டேன். வேலைநாள்களில் ஒன்று பத்து வாக்கில் என் நம்பரிலிருந்தே அவளுக்கு மெசேஜ் போகும். சரியாக ஒரே நிமிஷத்தில் போனால் சந்தேகம் வரும் என்று முன்னே பின்னே ஐந்து நிமிஷம் நகரும்படி வைத்தேன். அவள் பதில் போட்டால் அதைப் படித்து, நான் எழுதுவதைப் போலவே மறுபதில் போடும். அதற்காகக் கல்யாணமான முதல் வருஷத்தில் நான் அவளுக்கு அனுப்பிய ஆயிரத்துச் சொச்சம் மெசேஜ்களைப் படிக்கக் கொடுத்தேன். அவ்வளவு எழுதியிருக்கிறேன் என்பதே எனக்கு ஆச்சரியம்.

மாலை ஆறு மணிக்கு அன்றைய பேச்சின் சுருக்கம் இரண்டு வரியில் எனக்கு வந்துவிடும். ராத்திரி அவள் கூப்பிட்டால் முழிக்க வேண்டியதில்லை.

இன்று முதல் நாள். அவள் கத்தரிக்காய்க் கூட்டு என்றாளாம். நான், 'உன் கை கூட்டுக்கு இங்க ஏங்குறேன்' என்றேனாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாங்கள் எழுத வேண்டிய ப்ரோக்ராமை இப்போது ஒரு ஏஐ எழுதுகிறது. அதை இன்னொரு ஏஐ திருத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் தபால்காரர் வேலை பார்க்கிறோம். பக்கத்து இருக்கை ஷர்மிளா பானு, "ரெண்டும் சண்டை போட்டா யார் பஞ்சாயத்து பண்றது குமார்?" என்கிறாள். அதுதான் நம் வேலை என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு வருஷம் சம்பளம் வரும்" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சிக்கல். நேற்று மெஷின் அவளிடம், 'சனிக்கிழமை வந்துடறேன் வடிவு' என்று சொல்லிவிட்டது. முதல் வருஷத்து மெசேஜ்களில் அந்த வாசகம் நிறைய இருந்திருக்கிறது. எனக்குச் சுருக்கத்தைப் படிக்க நேரமில்லை. இன்று அவளே கூப்பிட்டு, சனிக்கிழமைக்கு விளைமீன் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாள். குரலில் அவ்வளவு துள்ளல். தீபாவளிக் கூட்டத்துக்காகத் தளத்தைப் புதுப்பிக்கும் வேலை நெருக்கத்தில் என்னால் ஒரு நாள்கூட நகர முடியாது. வர முடியாது என்று நானே என் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்ப எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டாள். ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்தேன்.

ப்ரோக்ராமில் மூன்று விதி சேர்த்தேன். ஒன்று, வருகிறேன் என்று எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாது. இரண்டு, எதற்கும் பதறாமல் ஆறுதலாகப் பேச வேண்டும். மூன்று, பதில் பன்னிரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது. பிழை சரியாயிற்று.

செப்டம்பர் 3, புதன்

லேப்டாப் மூடியிருந்தால் மெசேஜ் போவதில்லை. நேற்று அப்படித் தவறிவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் அனுப்ப, ஆபீஸில் எப்போதும் ஓடும் டெஸ்ட் சர்வர் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி போட்டு வைத்தேன். சலவைக்குப் போட்ட சட்டைகள் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தண்ணீர் கேன் வரவில்லை. வந்துவிட்டது என்கிறது செயலி. நட்சத்திரம் எத்தனை தருவீர்கள் என்றும் கேட்கிறது.

செப்டம்பர் 24, புதன்

மாலைச் சுருக்கம்: 'குழந்தையின் முதல் அசைவை உணர்ந்ததாக வடிவு தெரிவித்தார். மகிழ்ச்சி தெரிவிக்கப்பட்டது.'

முழுதாகத் திறந்து படித்தேன். ஒன்று பதினாலுக்கு அவள் எழுதியிருக்கிறாள்: 'இப்ப, க்ளாஸ்ல போர்டுல எழுதிட்டு இருக்கும்போது, உள்ள மீன் திரும்புன மாதிரி. சாக்பீஸ கீழ போட்டுட்டேன். பசங்க சிரிக்காங்க. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுதேன்.'

அதற்கு நான்: 'வடிவு, எனக்குக் கண்ணு கலங்குது. உன் கையை அது மேல வை. என் கைன்னு நெனச்சுக்கோ.'

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிட்டாள். "இப்பல்லாம் நீங்க பழைய மாதிரி பேசுதீங்க. எனக்கு ரொம்ப நாளாச்சு உங்கள இப்படிப் பாத்து" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். நான் ம் என்றேன். வேறென்ன சொல்ல? அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அது என் மெசேஜ்களைப் படித்துத்தானே அப்படிப் பேசுகிறது, கணக்குப்படி பார்த்தால் அது நான்தான்.

அக்டோபர் 4, சனி

தீபாவளி வெளியீடு எட்டாம் தேதி. ஊருக்குப் போகும் ஜனம் மொத்தமும் எங்கள் தளத்தில்தான் விழும். வீட்டுக்குப் போகும் வழியை நாங்கள் போடுகிறோம் என்று மேலாளர் மேடையில் பேசினார். கைதட்டினோம். போனில் ஆபீஸ் நம்பர்கள் மட்டும் ஒலிக்கும்படி வைத்துவிட்டேன். எல்லோரும் எல்லா நேரத்திலும் நம்மைக் கூப்பிடலாம் என்பது இந்தக் காலத்தின் பெரிய வியாதி.

அக்டோபர் 8, புதன், மாலை ஆறே கால்

கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். தளம் மதியத்திலிருந்து இரண்டு முறை படுத்துவிட்டது. இன்னும் எழவில்லை.

சுருக்கம் வந்தது: 'வடிவுக்கு உடல்நலம் சரியில்லை. ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டது.'

அவளிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். மூன்றும் ஒன்றேகாலுக்கு முன்னால். அதன் பிறகு கூப்பிடவில்லை, அதனால் பெரிதாக ஒன்றும் இருக்காது. மசக்கைக் காலத்திலும் இப்படித்தான் இருந்தாள். நாளைக்குப் பேச வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

நேற்று ஏழு மணிக்கு மாமா ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டார். "மாப்ள, உடனே கெளம்பி வாங்க" என்றார். போனை வைத்துவிட்டார். டிக்கெட் போட எங்கள் தளத்தைத் திறந்தேன். 'சிரமத்துக்கு வருந்துகிறோம், சற்று நேரத்தில் வந்துவிடுவோம்' என்றது. அந்த வாசகத்தை எழுதியவன் நான். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய், ஒரு வண்டியின் படியில் நின்றவரிடம் கேட்டு ஏறினேன்.

குழந்தை போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொட்டப்புள்ள மாப்ள. வெரலு நகம் எல்லாம் இருந்துச்சு" என்றார். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. குழந்தையைக் காட்டட்டுமா என்று நர்ஸ் கேட்டபோது சரி என்றேன். ஒரு துணிப் பொதி. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. மூக்கு வடிவின் மூக்கு.

வடிவு மயக்க மருந்தில் தூங்கும்போது, வராந்தா பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து நேற்றைய பேச்சைப் படித்தேன்.

ஒன்று ஒன்பது. நான்: 'சாப்பிட்டியா வடிவு?'

ஒன்று பதினாறு. வடிவு: 'போன் எடுங்க. ரத்தம் போகுது. முடியாம ரூமுக்கு வந்துட்டேன். தனியா இருக்கேன். பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போணுமா? சொல்லுங்க. நீங்க வாங்க.'

ஒன்று பதினாறு. நான்: 'பயப்படாதே வடிவு. கொஞ்சம் படுத்து ரெஸ்ட் எடு. எல்லாம் சரியாகிடும்.'

ஒன்று பதினேழு. வடிவு: 'சரி.'

ஐந்தரை மணிக்கு வீட்டுக்கார அம்மா துணி எடுக்க மாடிக்கு வந்தபோதுதான் அவளைப் பார்த்திருக்கிறார்.

பதறக் கூடாது. வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பன்னிரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது. மூன்று விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், எட்டு சொல்.

ப்ரோக்ராமை நிறுத்தினேன். அழித்தேன். லேப்டாப்பை மூடினேன். டாக்டர் அந்தப் பக்கமாக இரண்டு முறை போனார். ஒன்றரை மணிக்கே கொண்டுவந்திருந்தால் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று பேசினாள். சுவரைப் பார்த்துக்கொண்டே.

"மெசேஜப் பாத்தீங்கள்லா?"

"பாத்தேன்."

"ரெஸ்ட் எடுன்னு போட்டீங்க. நீங்க சொல்லுதீங்களேன்னு படுத்தேன்."

உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். படித்துவிட்டும் வராத புருஷன், படிக்கவே படிக்காத புருஷன், இந்த இருவரில் எவன் தேவலை என்று யோசித்தேன். அந்த நேரத்திலும் யோசித்தேன். "வேலைல இருந்தேன். அவசரம்னு புரியல" என்றேன்.

அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். அவள் போன் ஐந்தரை மணிக் களேபரத்தில் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடக்கிறது. மாமா பையில் இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்துவிட்டோம். அவளுக்குப் பால் கட்டியிருக்கிறது. அது வற்ற அத்தை மல்லிகைப் பூவை அரைத்துப் பற்றுப் போடுகிறார். அந்த மணம் இனி எனக்கு ஆகாது.

மத்தியானம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "எழுத்துல பாத்தா எவ்வளவு ரத்தம்னு உங்களுக்கு எப்படித் தெரியும். என் மேலயும் தப்புதான். நான் அம்மாவக் கூப்பிட்டிருக்கணும். உங்களக் கோவிச்சு என்ன ஆகப்போவுது. விடுங்க" என்றாள். என் தலையைத் தொட்டாள்.

அவள் மடியில் அழுதேன். அழுகை உண்மை. அவள் மன்னித்த தப்பு நான் செய்த தப்பு அல்ல.

அக்டோபர் 13, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு மணி இருக்கும். ரசஞ்சோறு பிசைந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கியிருந்தாள். கல்லூரிக்கு விடுப்புக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று மாமா அவள் போனை சார்ஜ் போட்டு, உயிர்ப்பித்துக் கொண்டுவந்து கொடுத்தார். வரிசையாகச் சத்தம். ஐந்து நாள் செய்திகள். பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"வியாழக்கெழம சாப்பிட்டியான்னு போட்டிருக்கீங்க."

ஆபீஸ் சர்வர். செப்டம்பரில் நானே போட்டு வைத்த பிரதி. நான் அழித்தது லேப்டாப்பில் இருந்ததை மட்டும். ப்ரோக்ராம் எழுதத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது: ஒன்றை நிறுத்துமுன் அது எங்கெல்லாம் ஓடுகிறது என்று பார்.

"வெள்ளிக்கெழமயும். நீங்க என் பக்கத்துலதான இருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையிலேயே போன் அதிர்ந்தது. இருவரும் பார்த்தோம்.

'சாப்பிட்டியா வடிவு? பாப்பா என்ன செய்யுது?'

என் வலது கையில் சோறு. இடது கையில் கிண்ணம். அவள் போனைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள்.

"உங்க போன் எங்க?"

"ஹால்ல. சார்ஜ்ல."

"அப்ப இது யாரு?"

மாமா அறையை விட்டு வெளியே போனார்.

சொன்னேன். ஆகஸ்ட் பன்னிரண்டிலிருந்து எல்லாவற்றையும். விதிகளையும் சொன்னேன். அவள் குறுக்கே ஒரு தடவைதான் பேசினாள். "பாப்பா அசைஞ்சன்னைக்கு?"

நான் தலை குனிந்தேன்.

"என் கைய வச்சேன்" என்றாள். "அந்த மெசேஜப் பாத்துட்டு, உங்க கைன்னு நெனச்சு வச்சேன். தெனமும் படுக்கும்போது வச்சேன்."

பிறகு ஷர்மிளாவைக் கூப்பிட்டு டெஸ்ட் சர்வரில் இன்ன பெயரில் ஓடுவதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்த வேண்டுமென்றால் திறந்து பார்க்காமல் முடியாது. "நிறுத்திட்டேன் குமார்" என்று மட்டும் சொன்னாள். எப்போதும் செய்கிற கேலி இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று அத்தைதான் அவளுக்கு ஊட்டினார்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் மாமா ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்துடன் வந்தார். ஆகஸ்டிலிருந்து எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு முழுவதையும் வடிவு அச்செடுக்கச் சொல்லியிருக்கிறாள். விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

"நீங்க எழுதுனத மட்டும் வட்டம் போட்டுக் குடுங்க. எனக்குத் தெரியணும்."

ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. முப்பத்தெட்டுப் பக்கங்களில் பதினோரு வட்டங்கள். 'ஓடிபி வந்துச்சா? சொல்லு.' 'கேஸ் புக் பண்ண எந்த நம்பர்?' 'மீட்டிங்.' 'அப்புறம் பேசறேன்.' 'ம்.' 'சாவி எங்க வச்ச?' மீதியும் இதே ஜாதிதான். ஒரே ஒரு இடத்தில் 'மாத்திரை போட்டியா' என்று இருந்தது. ஆவலோடு பேனாவைக் கொண்டுபோனேன். நேரத்தைப் பார்த்தேன். ஒன்று பதினொன்று. வட்டம் போடாமல் பேனாவை எடுத்துவிட்டேன்.

அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை.

"நீங்க படிச்சுட்டு வரலன்னு நெனச்சு, அத மன்னிக்கதுக்கு நான் ரெண்டு நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றாள். "இப்ப எத மன்னிக்க? எனக்கு நல்லது சொன்னதும் நீங்க இல்ல, கெட்டது சொன்னதும் நீங்க இல்ல. நடுவுல நீங்க எங்க இருந்தீங்க?"

சென்னையில், என்றுதான் மனதில் தோன்றியது. அவ்வளவு முட்டாள் நான்.

"மெட்ராசுக்குக் கெளம்புங்க. நான் கூப்பிடுதப்போ பேசுவோம். இல்லாட்டி இல்ல."

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தளம் ஒழுங்காக ஓடியது. எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நிறுவனம் முந்திரி டப்பா கொடுத்தது. காவலாளியிடம் கொடுத்துவிட்டேன். அவர் இன்று ஓடிபி கேட்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

வடிவு இன்று கல்லூரிக்குப் போயிருக்கிறாள். அத்தை சொல்லித் தெரியும்.

ஒரு மணிக்கே கேன்டீனில் மூலை மேசையில் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு மெசேஜ், நானே, என் விரலால்.

சாப்பிட்டியா என்று அடித்தேன். அது மெஷினுடைய வார்த்தை. அழித்தேன். வடிவு என்று அடித்தேன். அதையும் அது நூறு தடவை சொல்லியிருக்கிறது. கண்ணு கலங்குது என்று அடித்தேன். இன்றைக்கு நிஜமாகவே கலங்கியிருந்தது, அப்படியும் அழிக்க வேண்டியிருந்தது. என்னை மன்னி என்று எழுதினால் எந்தத் தப்புக்கு என்று கேட்பாள். பாப்பாவுக்கு உன் மூக்கு என்று அடித்தேன். அதை அது சொன்னதில்லை, அதற்குத் தெரியாது. எழுத்து ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பக் கை வரவில்லை. அழித்தேன். மறுபடி அடித்தேன்.

ஒன்று இருபத்தாறுக்கு அவளிடமிருந்து வந்தது.

'பதினஞ்சு நிமிசமா டைப் பண்ணுதது தெரியுது. நீங்கதான். மெஷினுக்கு இவ்வளவு நேரம் ஆவாது.'

அடுத்தது வந்தது.

'அனுப்பாதீங்க.'

அடித்ததை அழித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். இங்கே, அவள் கொடுத்த நோட்டில், கையால் எழுதி வைக்கிறேன்: பாப்பாவுக்கு உன் மூக்கு, வடிவு.